வாங்கிய பழைய வீட்டைப் புதுசாக்க எவ்வளவு வேண்டும்?

 

நாங்கள் கணவனும் மனைவியுமாக இருவரும் ஆசிரியர்கள். எழுவான்கரையில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிவந்ததிலிருந்து வருகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எல்லாம் செய்து முடிக்க எவ்வளவு போச்சு சேர்?" விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாக் கணக்கை விட்டுவிட்டு, செய்த முறையை எழுதுகிறோம். யாருக்காவது உதவும்.

எழுதுவதற்குக் காரணமும் உண்டு. தமிழரோ முஸ்லிமோ, எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். ஆகவே "பார்க்க வருகிறார்கள்" என்றதும் நகை அடகுக்குப் போகிறது, வட்டிக்கடன் வாசலுக்கு வருகிறது. 2021இல் ஆயிரம் ரூபா அளவில் வாங்கிய 50 கிலோ சீமெந்துப் பை, 2022 நெருக்கடியில் இரண்டாயிரத்தைத் தாண்டியது. அதன் பிறகு எங்களைப் போல சிலர் புதிதாகக் கட்டும் எண்ணத்தை விட்டுப் பழைய வீட்டை வாங்குகிறோம். அதில் மிச்சம் பிடித்த காசை ரைல்ஸிலும் சீலிங்கிலும் கரைத்துவிட்டால், வாங்கியதில் என்ன பயன்?

எங்கள் வேலையைச் செய்தவர் வெல்லாவெளியைச் சேர்ந்த பெயின்ற் பாஸ் ஒருவர். பட்டிருப்புப் பாலம் கடந்து சைக்கிளில் வருவார். முதல் நாள் தூரிகையையே எடுக்கவில்லை. கூரையையும் சுவர் அடியையும்தான் பார்த்தார். "தண்ணி எங்கால வருது எண்டு பாக்காம பெயின்ற் அடிச்சா, அடுத்த மாரிக்கு உரிஞ்சு விழும் சேர்" என்றார். உண்மைதான். எங்கள் மாரி கார்த்திகை, மார்கழியில் கொட்டுகிறது. வாவிக்கரை நிலம் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும். ஆகவே ஓட்டு இடைவெளி, பீலி, குளியலறைச் சுவர் மூன்றையும் முதலில் திருத்துங்கள். பெயின்ற் வேலையை மாசிக்குப் பிறகு, சுவர் நன்றாகக் காய்ந்ததும் தொடங்குங்கள்.

சுவர் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷால் தட்டிவிட்டு, சில நாள் பொறுத்து, மறுபடி பூத்தால் மறுபடி தட்ட வேண்டும். ஈரம் ஏறும் சுவருக்கு எனாமல் பெயின்ற் ஆகாது. அது ஈரத்தை உள்ளே அடைத்துவிடும், பிறகு பொக்களித்து உரியும். எங்கள் மூத்தவர்கள் அடித்த சுண்ணாம்பு சுவரை மூச்சு விட வைத்தது. மலிவும்கூட. நாங்கள் பின்பக்க அறைக்கும் மதிலுக்கும் சுண்ணாம்புதான் அடித்தோம்.

பெயின்ற் வாங்குமுன் அளந்து பாருங்கள். பத்துக்குப் பத்து அடி அறை, பத்தடி உயரம் என்றால் நாலு சுவரும் 400 சதுர அடி. கதவு, யன்னலைக் கழித்தால் 350 அளவில் வரும். ஒரு லீற்றர் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 100 முதல் 120 சதுர அடி ஓடும். இரண்டு தடவைக்கு ஆறு, ஏழு லீற்றர் போதும். அதாவது நாலு லீற்றர் வாளி இரண்டு. அறைக்கொரு நிறம் என்று போனால் ஒவ்வொன்றிலும் மிஞ்சும். வீடு முழுக்க ஒரே வெளிர் நிறம் எடுத்தோம். மிச்சமும் இல்லை, வெளிச்சமும் கூடிற்று.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பெயின்றில் ஈயத்துக்குச் சட்ட வரம்பு எங்கள் நாட்டில் 2013 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய கதவு, யன்னல் எனாமலில் ஈயம் இருக்கலாம். காய்ந்த அரத்தாளால் தேய்த்தால் தூள் பிள்ளைகளின் மூச்சுக்கும் வாய்க்கும் போகும். நனைத்துத் தேய்த்து, தூளை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பிள்ளைகளை அன்றைக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அதைச் சுரண்டவோ துளைக்கவோ வேண்டாம். இலங்கை 2018 முதல் அதன் இறக்குமதியைத் தடுக்க எடுத்த முடிவு, 2017 டிசம்பரில் ரஷ்யா எங்கள் தேயிலையை நிறுத்தியதோடு பின்வாங்கப்பட்டது. நாட்டுக்கு வேறு கணக்கு இருக்கலாம். எங்கள் பிள்ளைகளின் நுரையீரலுக்கு இல்லை.

பெயின்றுக்கு அடுத்ததாக எங்கள் வீட்டை மாற்றியவை மிகச் சின்ன விஷயங்கள். சிவப்புச் சீமெந்துத் தரையை உடைக்காமல், வெடிப்பை அடைத்து, தேய்த்து, மெழுகு போட்டோம். இப்போது முகம் தெரிகிறது. தேக்குக் கதவின் பழைய பெயின்ற்றை எடுத்து வார்னிஷ் அடித்தோம். கொண்டி, கைபிடி மட்டும் புதிது. மருதமுனைக் கைத்தறித் துணியில் யன்னல் சேலை தைத்தோம். விறாந்தையில் பன்பாய் விரித்தோம். வளவைக் கூட்டி, படலையோரம் செவ்வரத்தைத் தடி நட்டோம். தடிக்குக் காசில்லை, அயல்வீட்டு அக்கா தந்தார்.

கரண்ட் வயர் மட்டும் அலங்காரம் அல்ல. பழைய வயரைத் தெரிந்தவரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். அதில் சிக்கனம் வேண்டாம். வேலைக்காரரின் கூலியிலும் வேண்டாம். பேசியதை அன்றன்றைக்கே கொடுங்கள்.

வீண்விரயம் கூடாது என்று மார்க்கம் சொல்லும்போது நாம் சாப்பாட்டைத்தான் நினைக்கிறோம். அடுத்த வீட்டுக்குப் பார்த்துப் போடுகிற ரைல்ஸும் அதில் சேரும். நல்ல ரைல்ஸை உடைத்துவிட்டு வேறு ரைல்ஸ் போட்ட வீடும் எங்களூரில் உண்டு. பெண்பிள்ளைக்குக் கொடுக்கிற வீடு ஒழுகாத கூரையோடும் அடைபடாத காற்றோடும் கடனில்லாமலும் இருந்தால், அதுவே பெரிய சீதனம். பார்க்க வருகிறவர் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போவார். அந்த வீட்டில் வாழப்போவது எங்கள் மகள்.