எல்லைக்கல்லருகே நிற்பவர்

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளைச் சுற்றிக் கிளுவை வேலி. உள்ளே வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல், மேய்கிற மாடு. கிளுவை உயிர்வேலி, வருஷா வருஷம் தழைத்து ஒரு முழமாவது அந்தப் பக்கம் சாயும். பங்காளிச் சண்டை பாதி அங்கேதான் ஆரம்பிக்கும். ஒரு காலத்தில் அது போய் நின்ற இடம் மணியக்காரர் வீட்டுத் திண்ணை.

மணியக்காரர் வரி வாங்குவார், கணக்குப்பிள்ளை அடங்கல் எழுதுவார், தலையாரி கூடவே நடப்பார். சிறு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரமும் 1816லேயே கிராம முன்சீப் என்ற பெயரில் அவருக்கு வந்துவிட்டது. எந்தக் காட்டில் எந்த வருஷம் சோளம் விதைத்தார்கள், எந்த ஓடை எங்கே திரும்பியது, எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அந்த அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் பதவி அப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. நிலமோ சாதிபலமோ இல்லாத ஒருவர், கல் நகர்ந்துவிட்டது என்று அந்தத் திண்ணையில் போய்ச் சொல்வது லேசா? வாரிசு முன்னுரிமை அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று உச்ச நீதிமன்றம் 1960இல் சொன்னது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு அந்தப் பதவிகளையே ஒழித்தது. செய்ய வேண்டிய காரியம்தான்.

எல்லையைப் பார்க்க வாரிசுதான் வேண்டும் என்றில்லை. ஆரம்பகால அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஊர்களில் வேலி பார்ப்பதற்கென்றே அதிகாரிகள் இருந்தார்கள். வேலி சரியாக இருக்கிறதா, செப்பனிட வேண்டியது யார் என்று தீர்த்துவைப்பது அவர்கள் வேலை. அவர்களை ஊர்க்கூட்டம் கூடித் தேர்ந்தெடுத்தது; பெண்களுக்கு அதில் ஓட்டு கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும்.

மணியக்காரர் இடத்துக்கு வந்த நம் வி.ஏ.ஓ., அதாவது கிராம நிர்வாக அலுவலர், டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வருகிறவர், பெரும்பாலும் வெளியூர்க்காரர். மணியக்காரருக்குப் பங்காளிக் கூட்டம் இருந்தது. வேலி பார்த்தவருக்குத் தேர்ந்தெடுத்த ஊர் இருந்தது. இவருக்கு யார்? தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த வி.ஏ.ஓ. லூர்து பிரான்சிஸை 2023 ஏப்ரல் 25 அன்று அவர் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள். அன்றே இறந்துபோனார். பட்டப்பகல் அது. அந்தச் செய்தியை என்னால் இன்னும் ஆறிய மனசோடு நினைக்க முடியவில்லை.

சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் மட்டும் உங்கள் ஊர் வி.ஏ.ஓ.வைத் தேடிப் போகாதீர்கள். ஓடைப் புறம்போக்கை அளக்க அவரும் சர்வேயரும் உங்கள் ஊருக்கு வரும் நாளில், நாலு பேராகப் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். தெரிந்த எல்லையைச் சொல்லுங்கள். மகஜரில் கையெழுத்துப் போடுங்கள்.