கடற்கரைச் சாலையைக் காட்டுங்கள்

ஜூலை பிறந்ததும் புதுச்சேரியில் பல வீடுகளின் மாடி அறைகள் திறக்கும். ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடந்த அறைகள். பாய், மெத்தை எல்லாம் வெயிலுக்கு வரும், தண்ணீர்த் தொட்டி கழுவப்படும். பிரான்சில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டாயிற்று, இனி செப்டம்பர் தொடக்கம் வரை பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லை. பாரீஸ் புறநகர்களிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கும் குடும்பங்கள், வேன் பிடித்து, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வீடு வந்து சேரும். "பிரான்ஸ்காரங்க வந்துட்டாங்க" என்று தெருவே சொல்லும்.

என் அக்கா குடும்பமும் அப்படி வருகிறவர்கள்தான். அக்காவுக்கும் அத்தானுக்கும் இது ஊருக்கு வருவது. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது வெளிநாட்டுப் பயணம். ஒரே வேனில் இந்த இரண்டு பயணங்களும் சேர்ந்து போகும். பிள்ளைகளின் பயணம் அப்பா அம்மா போட்ட பட்டியல்படி நடக்கும்: வேளாங்கண்ணி, மாமல்லபுரம், பிச்சாவரம், தஞ்சாவூர், முடிந்தால் ஊட்டி. நடுவில் குலதெய்வத்துக்கு மொட்டை, கடைசிப் பிள்ளைக்குக் காதுகுத்து, உறவில் இரண்டு கல்யாணம், துணிக்கடை. ஆடி வெள்ளிக்கு வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் இருக்கிறது. பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கி வைத்த தேரை இப்போது துணைநிலை ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கி வைக்கிறார். இவை எதையும் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு மாதத்துக்குள் ஒரு வாழ்க்கையை வாழ்ந்து முடிக்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு.

ஆனால் இந்தக் குடும்பங்கள் எப்படி பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தன என்பதைச் சொல்லும் இடம் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரைச் சாலை. அதற்குப் பட்டியலில் கிடைப்பது ஒரு ஐஸ்கிரீமும் நான்கு போட்டோவும். போன முறை நான் விடவில்லை. அக்காவையும் அத்தானின் அப்பாவையும் கூட அழைத்துக்கொண்டு, வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை பிள்ளைகளோடு நடந்தேன். அவர் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. வயது எண்பதைத் தாண்டிவிட்டது, கைத்தடி உண்டு, நினைவு தெளிவாக இருக்கிறது.

சாலையின் வடக்கே, செயின்ட் லூயி வீதியில் கடலைப் பார்த்து நிற்பது பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். 1955இல் தொடங்கியது. பிரெஞ்சுக் கொடி இறங்கிய அடுத்த ஆண்டே இங்கே ஒரு பிரெஞ்சு நிறுவனம் ஓலைச்சுவடி சேர்க்க உட்கார்ந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு. புதுச்சேரியில் காக்கப்படும் சைவ ஆகமச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. பத்து வயதுப் பிள்ளைக்குச் சுவடி பிடிபடவில்லை. அதனால் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

மரீன் வீதியில் பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கிறது. இந்தக் கட்டடத்தைப் பிள்ளைகளின் தாத்தாவுக்கு நன்றாகத் தெரியும். பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்குகிறவர், தாம் உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுதோறும் சான்று அனுப்ப வேண்டும். பிரெஞ்சு அதிபர் தேர்தல் வந்தால் இந்த ஊர்க்காரர்கள் இங்கேயே வரிசையில் நின்று வாக்குப் போடுகிறார்கள். வேட்டி கட்டியவரும் சேலை கட்டியவரும் பாரீசின் ஆட்சிக்கு வாக்களிக்கும் காட்சி தமிழ்நாட்டுக்காரருக்குப் புதிது. எங்களுக்குப் பழகிப்போனது.

அந்தக் குடியுரிமை எப்படி வந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு இங்கேதான் சொன்னேன். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், எதிர்த்து 8 பேர். நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானாலும், அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். புதுச்சேரி மண்ணில் பிறந்து அன்று இங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதே நாளில் வெளிநாட்டில் குடியிருந்தவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை தானாகவே தொடர்ந்தது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் சைகோனில் இருந்த அண்ணன் பிரெஞ்சுக்காரன், முத்தியால்பேட்டையில் இருந்த தம்பி இந்தியன் என்று இந்த ஊரில் ஆனது அப்படித்தான்.

"எழுதிக் குடுக்கச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னாங்க, தாத்தா?" என்று கேட்டாள் பெரியவள். அவளுக்குத் தமிழ் தடுமாறும், ஆனாலும் தாத்தாவிடம் தமிழில்தான் பேசுவாள். "யாரும் சொல்லல கண்ணு. எங்கப்பா வேணாம்னார். எனக்குப் பட்டாளத்துல சேரணும். ராத்திரி ஒரு கடுதாசி எழுதினேன், காலையில போய்க் குடுத்துட்டேன்." ஒரு கடிதம். அதனால்தான் அவளுடைய பாஸ்போர்ட் வேறு நிறத்தில் இருக்கிறது. இரட்டைக் குடியுரிமை இந்தியச் சட்டத்தில் இல்லை என்பதால் அவள் தாத்தா வீட்டுக்கு வரவே விசாவோ ஓசிஐ அட்டையோ வேண்டும். 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தியாவோடு இணைந்த பகுதியைச் சேர்ந்தவரின் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் அந்த அட்டை உண்டு என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. எங்கள் ஊரையும் நினைத்து எழுதிய வரி அது.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலோரம் மணல் இருக்கிறது. இதிலென்ன அதிசயம் என்று வெளியூரார் கேட்கலாம். பிள்ளைகளின் தாத்தா சிறுவனாக விளையாடியது மணல் கடற்கரையில். 1980களின் பிற்பகுதியில் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்கள் நீட்டப்பட்டன. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்ததும் வடக்கே இருந்த மணலைக் கடல் கொண்டுபோயிற்று. கரையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். நானும் அக்காவும் வளர்ந்தது அந்தக் கற்களின் மேல். புதுச்சேரிக் கடற்கரை என்றால் பாறை என்றே எண்ணியிருந்தோம். பிறகு தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டை அமைத்தது. 2018இல் அது முடிந்தபின் கொஞ்சம் மணல் திரும்பி வந்து சேர்ந்தது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார்கள். தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் மணலை அறிந்தவர்கள், நடுவில் வந்த நாங்கள்தான் அறியாதவர்கள்.

அடுத்து போர் நினைவுச் சின்னம். நான்கு உயரமான தூண்கள், நடுவே தலை குனிந்து நிற்கும் ஒரு சிப்பாய். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட பிரெஞ்சிந்தியப் படைவீரர்களுக்காக 1938இல் திறந்தது. சாதாரண நாளில் கம்பிவேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். ஜூலை 14 அன்று திறப்பார்கள். முதல் நாள் இரவில் ஓய்வு பெற்ற படைவீரர்கள் விளக்கு ஏந்தி ஊர்வலம் போவார்கள், மறுநாள் காலை பதக்கம் குத்திக்கொண்டு இங்கே நிற்பார்கள். இரண்டு நாட்டுப் பண்ணும் ஒலிக்கும்.

சின்னவன் வேலியில் முகத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "தாத்தா, இது நீங்களா?"

"இல்லடா. நான் திரும்பி வந்துட்டேன். இது வராதவங்களுக்கு."

அவர் அதற்கு மேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஃபிளாண்டர்ஸ் சேறும் இந்தோசீனக் காடும் அல்ஜீரிய மலையும் இந்த ஊர் வீடுகளின் சுவரில் கறுப்பு வெள்ளைப் படங்களாகத் தொங்குகின்றன. யார், எங்கே, எந்த ஆண்டு என்று சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். படம் இருக்கும்போதே அதன் பின்பக்கத்தில் பெயரை எழுதி வையுங்கள் என்று நான் பார்க்கிற வீட்டிலெல்லாம் சொல்கிறேன்.

பழைய கலங்கரை விளக்கம் 1836இல் ஏற்றப்பட்டது, 1979 வரை எரிந்தது. அதன் எதிரே காந்தி. சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். செஞ்சியிலிருந்து வந்தவை. 1750இல் பிரெஞ்சுப் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்ததன் தடயம் அது. கோவில் சிற்பியின் உளி பட்ட தூண். அடிப்பகுதியில் கை எட்டும் உயரம் வரை உப்புக் காற்றும் மனிதக் கையும் தேய்த்து வழவழவென்று இருக்கிறது, மேலே போகப் போகச் செதுக்கல் கூர்மையாகத் தெரிகிறது. பெரியவள் தன் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே சுற்றி வந்தாள். வெர்சாய் அரண்மனைக்குப் பள்ளியில் அழைத்துப் போனபோது எதையும் தொட விடவில்லை என்றாள்.

காந்தி இந்த ஊருக்கு 1934 பிப்ரவரியில் வந்தார், பிரெஞ்சு ஆட்சி நடந்துகொண்டிருந்தபோது. அவர் முதுகுப் பக்கம் கடலில், அலை வாங்கும் நேரத்தில், பழைய பாலத்தின் கம்பங்கள் தெரியும். 1866இல் கட்டிய இரும்புப் பாலம், 1952 புயல் கொண்டுபோனது. கப்பல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். பாலத்திலிருந்து படகில் போய் ஏற வேண்டும். சைகோனுக்குக் கணக்கெழுதப் போனவர்கள், வரி வசூலிக்கப் போனவர்கள், பட்டாளத்துக்குப் போனவர்கள் எத்தனையோ பேரின் பயணம் இங்கே தொடங்கியது. எங்கள் குடும்பத்தில் இந்தப் பாலத்தில் நின்று கையசைத்தவர்கள் யாரும் இன்று இல்லை. அக்கா சற்று நேரம் அங்கேயே நின்றாள். அவளும் பெட்டியோடு போனவள்தானே.

மேரி கட்டடம் 1870களில் எழுந்தது. நகரமன்றம் இருந்த இடம். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். புதிதாகக் கட்டினது போலி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கருத்து இல்லை. இந்த இடத்தில் வெள்ளைத் தூண்களோடு அந்தக் கட்டடம் நிற்பதுதான் நியாயம்.

பிள்ளைகளின் குடும்பப் பெயர் ஏன் பிரெஞ்சுப் பெயராக இருக்கிறது என்ற கேள்விக்கு இதன் நிழலில்தான் பதில் சொன்னேன். 1881இல் ஓர் ஆணை வந்தது. சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர் அதைப் பதிவு செய்யலாம், புதுக் குடும்பப் பெயரும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னணியில் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873இல் ஐரோப்பியர் போலக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குப் போனார் என்பதற்காக அவரைத் தடுத்தார்கள். அவர் பாரீஸ் வரை வழக்காடி வென்றார். பிறகு லப்போர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். காலணிக்காக வழக்கா என்று சின்னவன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டான். அன்று முழுக்க அவனுக்குப் பிடித்த கதை அதுதான்.

கப்ஸ் கோவில் என்று நாங்கள் சொல்லும் தேவாலயம் 1855இல் கட்டியது. பிரெஞ்சிலும் தமிழிலும் பூசை நடக்கும். அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது இங்கேதான். எதிரே தோட்டத்தில் ழான் தார்க் சிலை. பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படித்த பெண், வங்கக் கடலைப் பார்த்தபடி வேப்பங்காற்றில் நிற்கிறாள்.

சாலை முடிகிற இடத்தில், குழந்தைகள் பூங்காவில், துய்ப்ளே. 1870இல் வைத்த சிலை. 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்து, இந்தியாவையே பிரான்சுக்குப் பிடித்துக் கொடுக்கப் பார்த்தவர், பாரீசில் 1763இல் கடனாளியாக இறந்தார். அவருடைய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை அந்த நாட்களைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதி வைக்காவிட்டால் அவர் காலத்துப் புதுச்சேரியில் பாதி நமக்குத் தெரிந்திருக்காது. கவர்னரின் சிலை சாலையில் இருக்கிறது, ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு அவர் பெயர் கொண்ட வீதியில் இருக்கிறது. அந்த வீட்டுக்கு அடுத்த நாள் போனோம்.

அடுத்த ஜூலையில் வரப்போகிற குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டிகள் ஓடுவதில்லை, முதியவர்கள் பயமில்லாமல் நடக்கலாம், உட்கார இடமும் உண்டு. வந்த முதல் வாரமே, வேளாங்கண்ணி வேன் கிளம்பும் முன், வீட்டில் மூத்தவர் யாரோ அவரை அழைத்துக்கொண்டு பிள்ளைகளோடு ஒரு மாலை இந்தச் சாலையில் நடந்து வாருங்கள். 1962இல் கடிதம் எழுதியவர்கள் எல்லாருக்கும் இப்போது எண்பதுக்கு மேல்.