விலைக்கு வாங்கிய பதக்கம்

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ந் தேதி இரவு சென்னைமீது குண்டு பொழிந்து, மறுமாதமே பினாங்குத் துறைமுகத்தில் ருஷியக் கப்பலை மூழ்கடித்த எம்டனை நம்மவர் மறந்தாரில்லை. தந்திரசாலியைக் கண்டால் "அவன் எம்டன்" என்று இன்றும் சொல்லுகிறோம். ஆனால், அந்த மகாயுத்தத்தில் தோற்று வீடு திரும்பிய ஜெர்மன் சிப்பாய் என்ன ஆனான் என்று நாம் கேட்டதுண்டா?

அவனுக்குச் சர்க்கார் யாதொரு நினைவுப் பதக்கமும் கொடுக்கவில்லை. 1919ஆம் ஆண்டுக் குடியரசுச் சட்டத்தின் 109வது விதி, அரசாங்கம் விருதுகள் வழங்கலாகாது என்று தடுத்துவிட்டது. கொள்கையளவில் இது நமக்கு உவப்பானதே. ராவ்பகதூர் பட்டத்துக்காகத் துரைமார் வாசலில் தவங்கிடந்த கனவான்களை நம் நாடும் கண்டதன்றோ! எனினும் நான்காண்டு சேற்றுக்குழியில் கிடந்தவனுக்குக் கொள்கை ஆறுதலாகாது. எனவே, கிப்ஹாய்சர் சங்கம் முதலான பழஞ்சிப்பாய்ச் சங்கங்கள் தாமே பதக்கம் வார்த்தன. உரியவன் பணங்கட்டிப் பெற்றுக்கொள்வான். வெர்டூன், சோம் என்று தான் நின்ற போர்க்களத்தின் பெயர் பொறித்த பட்டையையும் நாடாவில் சேர்த்துக்கொள்வான்.

காசுக்கு வாங்கிய கௌரவம் என்று நகைப்பார் நகைக்கட்டும். நாம் நகையோம். "நானும் அங்கிருந்தேன்" என்று சொல்ல அவனுக்கு வேறு வழி ஏது?

1934ல் ஹிண்டன்பர்க் அரசாங்கச் சிலுவையை ஏற்படுத்தினார். போரிட்டவர்க்கு வாள் பொறித்தது, மற்றையோர்க்கு வாளில்லாதது, விதவையர்க்கும் பெற்றோர்க்கும் தனியொன்று. 80 லட்சத்துக்கு மேல் வழங்கினர். தனியார் பதக்கங்களை அணியலாகாதென்ற தடையும் உடன் வந்தது. நினைவுங்கூடச் சர்க்கார் சொத்தாகிவிட்டது! யூத சிப்பாய்களும் அச்சிலுவையைப் பெற்றனர். அவருள் பலரை அதே சர்க்கார் பின்னர்க் கொலைக்களத்துக்கு அனுப்பிற்று.

இதைக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு ஏன் எழுதுகிறோமெனில், மலாயாத் தோட்டங்களினின்று ஜப்பானியர் கொண்டுபோன நம் மக்களை எண்ணியே. 1942, 1943ல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடப்பட்டது. அங்கு மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என்பது சரித்திரக்காரர் மதிப்பீடு. மலாயாவினின்று சென்றவருள் பெரும்பாலோர் தமிழர். காஞ்சனபுரி இடுகாட்டில் 6,900க்கு மேற்பட்ட வெள்ளைக் கைதிகள் வரிசையாகத் துயில்கின்றனர். பெயர் தெரிந்தவருள் பெரும்பாலோர்க்குப் பெயரும் படையும் பொறித்த கல்லுண்டு. நம்மவர்க்கோ பெயர்ப்பட்டியலே முழுமையாய் இல்லை. நித்தம் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் ஒரு நாட்கூலி தப்பாமல் பதியும் கிராணித் தொழிலில் இருக்கும் நமக்கு, இது உறுத்துகிறது. அவ்விதவையர்க்கு எந்தச் சர்க்கார் சிலுவை வார்த்தது?

சர்க்கார் வார்க்கட்டுமென்று காத்திருப்பது தமிழர் வழக்கமன்று. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ல் ஒரு நடுகல் கிடைத்தது. கூடலூர் ஆகோளில் மாண்ட தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்கிறது அதன் தமிழி எழுத்து. ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. அவன் மன்னனல்லன், மாட்டுச் சண்டையில் மாண்டவன். ஆயினும் பெயர் நின்றது.

ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ, கீழே ஈப்போ, தாப்பா நகரங்களிலோ, ரயில்பாதைக்குப் போன பாட்டனைப் பற்றிக் கேள்விப்பட்டவர் இருப்பின், அவர் பெயர், இருந்த தோட்டம், கொண்டுபோன ஆண்டு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஊர்ச் சங்கத்தில் கொடுத்து வையுங்கள். தெரிந்தவர் முதியோர், இவ்வாண்டே கேட்க வேண்டும்.