ஜொமாண்டா: பெயர் விட்டுப்போன மூன்று குரல்கள்

ஹவுஸ் மியூசிக் எண்டால் "அது சும்மா டும் டும் தானே?" எண்டு கேட்கிற ஆக்கள் எங்கட பட்ச்சிலயும் இருக்கினம். அவர்களுக்கு நாங்கள் முதலில் போட்டுக் காட்டுவது ஜொமாண்டாவைத்தான்.

ஜோஆன் தோமஸ், ஷெரி வில்லியம்ஸ், ரெனே வாஷிங்டன். அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் இருந்து 80களின் முடிவில் பாட வந்த மூன்று கறுப்பினப் பெண்கள். ஹவுஸ் பிறந்தது சிக்காகோவில், கறுப்பின, தன்பாலீர்ப்பு இளைஞர்கள் கூடி ஆடிய கிளப்புகளில். நியூ ஜேர்சிக்கு வந்தபோது அதில் தேவாலயப் பாட்டின் சாயல் கூடிவிட்டது. நியூவார்க்கின் ஸன்ஸிபார் கிளப்பில் டீஜே டொனி ஹம்ஃப்ரிஸ் வளர்த்தெடுத்த அந்த இசைக்கு 'ஜேர்சி சவுண்ட்' எண்டே பெயர். ஜொமாண்டா அந்த மண்ணின் குரல்.

1991இல் வந்த 'கொட் எ லவ் ஃபோர் யூ'வை ஹெட்செட்டில் கேட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி, மாறாத தாளம். மெஷினுக்குக் களைப்பில்லை, ஏக்கமும் இல்லை. ஏற்றம், இறக்கம், கெஞ்சல் எல்லாத்தையும் குரல்தான் கொண்டுவர வேணும். ஒரு குரல் கேட்க, மற்றக் குரல்கள் சேர்ந்து பதில் சொல்லும். ஆடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு கனப்பது அதால்தான்.

ஆனால் எங்களை உறுத்துவது வேற விஷயம். 1992இல் ஃபீலிக்ஸ் என்ற பிரித்தானியத் தயாரிப்பாளரின் 'டோன்ட் யூ வோன்ட் மீ' ஐரோப்பிய கிளப்புகளைக் கலக்கியது. அதில் திரும்பத் திரும்ப வருகிற குரல் ஜொமாண்டாவின் பழைய பாட்டொன்றில் இருந்து வெட்டி எடுத்தது. ஆடினவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

அந்தக் காலத்தில் இது தனிக்கதை இல்லை. 'பிளாக் பொக்ஸ்' குழுவுக்காகப் பாடியவர் மார்த்தா வொஷ். வீடியோவில் வாயசைத்தவர் ஒரு மொடல். மார்த்தா வழக்குப் போட்டுப் போராடிய பிறகுதான் பாடியவரின் பெயரைப் போட வேணும் என்ற நிலை வலுத்தது. உடம்பு பருமன், நிறம், வயது எண்டு ஒவ்வொரு காரணம் சொல்லி முகத்தை ஒளிக்கலாம். குரல் இல்லாமல் பாட்டை விற்க ஏலாது. அதனால் குரலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

பாட்டு நல்லா இருந்தால் போதாதா, பெயர் என்னத்துக்கு எண்டு சிலர் கேட்பினம். பெயர் தெரிந்தால்தான் அந்தப் பெண்களின் அடுத்த பாட்டைத் தேடிப் போகலாம். தேடுகிற ஆள் இருந்தால்தான் அவர்களுக்கு அடுத்த பாட்டு என்று ஒன்று இருக்கும்.

இரண்டையும் கேளுங்கோ. முதலில் ஜொமாண்டா, பிறகு ஃபீலிக்ஸ்.