வீழ்ந்தும் கலையாத அணி

செஞ்சியில் பிறந்தவர்க்கு ஏற்றமும் இறக்கமும் புதியன அல்ல. எங்கள் கோட்டையில் 1677இல் சிவாஜியின் கொடி பறந்தது. 1698இல் முகலாயர் கொடி. 1750இல் பிரெஞ்சுக்காரர் கொடி. 1761இல் ஆங்கிலேயர் கொடி. கொடிகள் மாறினவே அன்றி இராஜகிரி மலை இடம்பெயரவில்லை. நாள்தோறும் அம்மலையைக் கண்டும் அதன் பாடத்தை நான் கற்கவில்லை. அதனைக் கற்பித்தது ஒரு கால்பந்துக் கழகம்.

எண்பதுகளில் எங்கள் தெரு இளைஞர்கள் பன்னிருவர் கூடி ஓர் அணி அமைத்தோம். நான் கோல் காப்பாளன். விழுப்புரத்தில் ஆடிய முதல் பந்தயத்திலேயே நான்கு கோல்களில் தோற்றோம். பழி என்மீது விழுந்தது; நானும் பிறரைப் பழித்தேன். ஒரே வாரத்தில் அணி கலைந்தது. பந்து எங்கள் வீட்டுப் பரணில் காற்றிழந்து கிடந்தது.

அதைக் கண்ட என் பாட்டனார் சினந்து கொள்ளவில்லை. தோல் வணிகத்தின் பொருட்டு இளமையில் கல்கத்தாவில் தங்கியிருந்தவர் அவர். “தோற்றது குற்றமன்று, கலைந்ததே குற்றம்” என்று கூறி, தாம் நேரில் கண்ட முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் கதையைச் சொன்னார்.

1891இல் தோன்றிய கழகம் அது. கல்கத்தா லீக் 1898இல் தொடங்கியது முதல் அதன் முதற்பிரிவுப் பட்டம் ஆங்கிலேயர் அணிகளிடமே இருந்து வந்தது. நெடுங்காலம் இரண்டாம் பிரிவில் உழன்ற முகமதன், 1934இல் முதற்பிரிவுக்கு ஏறிய அதே ஆண்டில் பட்டம் வென்றது. அப்பட்டத்தை வென்ற முதல் இந்திய அணி அதுவே. 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. 1936இல் ஐ.எப்.ஏ. கேடயத்தையும், 1940இல் தில்லியில் ஆங்கிலேயப் படையணியை வீழ்த்தி டூரண்ட் கோப்பையையும் கைப்பற்றியது. அதன் வீரர் முகமது சலீம் 1936இல் ஸ்காட்லாந்து சென்று, கால்களில் துணி சுற்றிக்கொண்டு செல்டிக் கழகத்துக்காக ஆடினார். பாட்டனார் சொன்னவை இவ்வளவே. அவர் மறைந்த பின் எஞ்சிய கதையை நானே பின்தொடர்ந்தேன்.

அது இறக்கத்தின் கதை. 1981இல் வென்ற கல்கத்தா லீக் பட்டத்தை மீண்டும் வெல்ல நாற்பது ஆண்டுகள் ஆயின. தேசிய அளவிலான ஐ-லீக்கிலிருந்து 2008-09 பருவத்தின் முடிவில் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2013இல் ஏறியது, 2014இல் மீண்டும் இறங்கியது. வியப்பு யாதெனில், இறங்கிய அதே பருவத்தில்தான் டூரண்ட் கோப்பையையும் ஐ.எப்.ஏ. கேடயத்தையும் வென்றது! 2020இல் மறுபடியும் ஏறியது. 2021-22இல் கடைசி ஆட்டத்தில் கோகுலம் கேரள அணியிடம் தோற்றுப் பட்டத்தை இழந்தது. எனினும் 2024 ஏப்ரலில் ஷில்லாங்கில் வென்று ஐ-லீக் பட்டம் சூடி, இந்தியன் சூப்பர் லீக்கில் நுழைந்தது.

2024 செப்டம்பர் 26 அன்று சென்னை நேரு விளையாட்டரங்கில் அவ்வணியைக் காணச் சென்றேன். எதிரணி நம் சென்னையின் எப்.சி. நெஞ்சம் இரண்டுபட்டது, எவர் கோல் அடித்தாலும் பாதி வலிக்கும் என்று அறிந்தேன். ஒரே கோலில் முகமதன் வென்றது. சூப்பர் லீக்கில் அதன் முதல் வெற்றி அது. கோல் அடித்தவர் மிசோரத்து லால்ரெம்சங்கா. பயிற்றுநர் உருசிய நாட்டவர் செர்னிஷோவ். ஒரு சமுதாயத்தின் பெயர் தாங்கிய அணி பல குலத்தார்க்கும் நாட்டார்க்கும் இடமளித்து நின்ற காட்சி, தேசிங்குராசனையும் அவன் உயிர்த் தோழன் மகபத்கானையும் ஒன்றாகப் போற்றும் ஊரில் பிறந்த எனக்கு நிறைவளித்தது.

ஆனால் அப்பருவத்தின் முடிவில் முகமதன் பெற்ற இடம் பதின்மூன்றாவது, அதாவது கடைசி. செய்தியைப் படித்தபோது வருந்தினேன்; ஆயினும் அஞ்சவில்லை. கடைசியிடம் அதற்குப் பழகிய வீடு. அங்கிருந்து புறப்படும் வழியை அது அறியும்.

மாணவத் தம்பியரே, தங்கையரே! தேர்வில் ஒரு தாளில் தவறியதும் கல்லூரியைத் துறக்க எண்ணுவோர் உங்களிடையே உண்டு. இரண்டாம் பிரிவு என்பது கல்லறை அன்று; அதுவும் ஓர் ஆடுகளமே. இதை நான் பதினேழு வயதில் உணர்ந்திருந்தால் பதினொரு நண்பர்களை இழந்திருக்க மாட்டேன். அவருள் எழுவர் இன்றும் செஞ்சியில்தான் வாழ்கின்றனர். சென்ற மாதம் புதியதொரு பந்து வாங்கினேன். ஓடும் வயது எங்களுக்குக் கடந்துவிட்டது. எங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கடக்கவில்லை. முதலில் அந்த எழுவரின் கதவுகளைத் தட்ட வேண்டும்.