கதவும் சட்டமும்

பழைய பொருள்களைப் போற்றி வைப்போர் பலர் உளர். சிலர் நாணயங்களைத் தொகுப்பர். சிலர் அஞ்சல்தலைகளைச் சேர்ப்பர். எனக்கு அத்தகைய வேட்கை எதுவும் இருந்ததில்லை. என் தந்தையார் விட்டுச் சென்ற பழைய மோட்டார் வண்டி ஒன்று மட்டும், ஓடாமலும் விற்கப்படாமலும், எங்கள் செங்கற்பட்டு வீட்டின் பின்புறக் கொட்டகையில் நெடுங்காலம் நின்றிருந்தது. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர் அதனைச் சீர்படுத்த எண்ணினேன். வண்டியைச் சீர்படுத்தப் புகுந்த நான், வேறொன்றையும் சீர்படுத்த வேண்டியவன் ஆனேன். அந்த வரலாற்றையே இங்குக் கூற விரும்புகின்றேன்.

அவ்வண்டி 1967-இல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு என்னும் வண்டியே, 1961 முதல் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நம் நாட்டில் இப்பெயரால் செய்யப்பட்டது. சென்னையை அடுத்த வண்டலூரில் அதன் தொழிற்சாலை இருந்தது. வண்டியின் வடிவத்தை வரைந்தவர் ஜியோவன்னி மிச்செலோட்டி என்னும் இத்தாலியக் கலைஞர். சிறிய வண்டி, இரண்டே கதவுகள். ஏறத்தாழ 25 அடி விட்டமுள்ள வட்டத்திற்குள் அது திரும்பிவிடும். குறுகிய தெருக்களில் அதனை வளைத்துத் திருப்பும்போது என் தந்தையாரின் முகத்தில் தோன்றும் பெருமிதம் இன்றும் என் கண்முன் நிற்கின்றது.

அவ்வண்டியின் அமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. அக்காலத்தில் வந்த சிறு வண்டிகள் பலவற்றில், உடற்கூடு முழுவதும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, அதுவே வண்டியைத் தாங்கும் சட்டமாகவும் அமைந்திருந்தது. ஹெரால்டு அவ்வாறன்று. அதற்குத் தனியே ஓர் அடிச்சட்டம் உண்டு. பட்டறையில் அதனைச் 'சேஸிஸ்' என்பர். உடற்கூட்டின் பகுதிகள் அச்சட்டத்தின்மேல் துண்டு துண்டாகப் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கும். இங்கிலாந்தில் அந்நிறுவனத்திற்கு உடற்கூடு செய்து தந்த தொழிற்சாலையை 1953-இல் போட்டி நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. எனவே, சிறிய பகுதிகளைப் பல இடங்களிற் செய்வித்து ஒன்றுசேர்க்கும் முறையை அவர்கள் மேற்கொண்டனர். பகுதிகளைக் கழற்றுவது இதனால் எளிதாயிற்று. அவற்றை ஒன்றோடொன்று இயைவிப்பதோ தேர்ந்த கையும் பொறுமையும் வேண்டும் வேலையாயிற்று.

கதவுக்கும் அதன் நிலைக்கும் நடுவே சிறு சந்து இருப்பதை எந்த வண்டியிலும் காணலாம். தொழிலாளர் அதனைக் 'கேப்' என்பர். அச்சந்து மேலும் கீழும் ஒரே அளவாய் ஓடுமாயின் வண்டி அழகுறத் தோன்றும். கதவும் மெல்லத் தள்ளிய அளவில் மூடிக்கொள்ளும். எங்கள் வண்டியிலோ, ஓட்டுநர் பக்கத்துக் கதவின் பின்விளிம்பில் சந்து மேலே 2 மில்லிமீட்டரும் கீழே 9 மில்லிமீட்டருமாக இருந்தது. கதவின் பின்முனை தாழ்ந்து தொங்கிற்று. ஓங்கி அறைந்தால்தான் மூடும். என் தந்தையார் ஒவ்வொரு நாளும் அதனை இருமுறை அறைவார். அவ்வொலி தெருமுனை வரையிற் கேட்கும்.

கதவு தொங்கினால் கீல் தேய்ந்திருக்கும் என்று எண்ணுவது இயல்பு. நானும் அவ்வாறே எண்ணினேன். கீலின் திருகாணிகளைத் தளர்த்தி, கதவின் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் உயர்த்தி, மீண்டும் முடுக்கினேன். பின்முனை சற்றே உயர்ந்தது. ஆயின் முன்விளிம்பு மட்கார்டை உரசலாயிற்று. பின்புறத்து மேல்மூலை நிலையில் இடித்துக்கொண்டே இருந்தது. பொறுமை இழந்த நான், அரத்தை எடுத்து, இடித்த விளிம்பை ஒரு விரல் நீளத்திற்கு அராவிவிட்டேன். இடிப்பது நின்றது. கதவோ மூடவில்லை.

அதன்பின் டிங்கர் வேலையில் ஐம்பது ஆண்டுப் பழக்கமுடைய பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் வந்தவுடன் கருவி எதனையும் எடுக்கவில்லை. கதவைத் திறந்து, அதன் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். கீலில் ஆட்டம் சிறிதும் இல்லை. பின்னர் மடியிலிருந்து காந்தத்துண்டு ஒன்றை எடுத்துக் கதவின் கீழுள்ள வாயிற்படித் தகட்டின்மேல் நகர்த்திக்கொண்டே சென்றார். ஓரிடத்தில் காந்தம் ஒட்டாமல் நழுவி வீழ்ந்தது. அவ்விடத்தை விரலால் தட்டினார். தகட்டின் ஒலி எழாமல், மண்சுவரைத் தட்டியது போன்ற ஒலி எழுந்தது.

"ஐயா, இங்கே பட்டி கனமாகப் பூசியிருக்கிறார்கள். வண்டி அடிபட்டதா?" என்று கேட்டார்.

"நினைவில்லை, பெரியவரே" என்றேன்.

அவர் என்னை ஒரு முறை நோக்கினார். பிறகு கோணிச்சாக்கை விரித்து வண்டியின் அடியிற் புகுந்தார். சற்று நேரத்தில் என்னையும் அழைத்தார். அடிச்சட்டத்தின் பக்கங்களில் கைகளைப் போன்ற தாங்கிகள் நீண்டிருக்கும். உடற்கூடு அவற்றின்மேல் அமர்ந்திருக்கும். வலப்பக்கத்து முன் தாங்கி மேல்நோக்கி வளைந்திருந்தது. அதன்மேல் இருக்க வேண்டிய இடைத்தகடுகளும் கழற்றப்பட்டிருந்தன.

"பாருங்கள் ஐயா! கதவு தொங்கும் தூண் உடற்கூட்டின் முன்பகுதியில் இருக்கிறது. கதவின் பூட்டு சென்று கவ்வும் தூண் பின்பகுதியில் இருக்கிறது. இந்தத் தாங்கி உயர்ந்ததால் முன்பகுதி நிமிர்ந்துவிட்டது. தூண் பின்னோக்கிச் சாய்ந்துவிட்டது. அதில் தொங்கும் கதவு வேறு என்ன செய்யும்? மேலே நெருங்கிற்று, கீழே விரிந்தது, முனை தாழ்ந்தது. கல்லின்மேல் ஏறிய வண்டி இது. பழுது பார்த்தவர்கள் வெளிக்குப் பட்டி பூசிவிட்டு, உள்ளே இருந்ததை அப்படியே விட்டுவிட்டார்கள். நீங்களும் கதவையே குற்றவாளி ஆக்கிவிட்டீர்கள்" என்றார்.

அவர் இயல்பாகத்தான் கூறினார். எனக்கோ நெஞ்சு படபடத்தது. நினைவில்லை என்று நான் கூறியது பொய்.

அது 1976-ஆம் ஆண்டு. எனக்கு வயது பதினைந்து. என் தமையனார் அப்போது கல்லூரி மாணவர். வண்டி ஓட்டப் பழகியிருந்தார். தந்தையார் ஊரில் இல்லாத ஒரு மாலையில், சட்டைப் பையிலிருந்த சாவியை ஒருவரும் அறியாமல் எடுத்து, ஏரிக்கரைச் சாலையில் வண்டியை ஓட்டிச் சென்றேன். எதிரே வந்த மாட்டு வண்டிக்கு வழிவிடப் புகுந்து சாலையின் ஓரத்தில் இறங்கினேன். அடியில் ஏதோ ஒரு கல் பெருஞ்சத்தத்துடன் மோதிற்று. நடுங்கிய கைகளுடன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். சாவியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் தந்தையார் நசுங்கிய தகட்டைக் கண்டார். அதற்கு முந்தைய நாள் வண்டியை ஓட்டியவர் தமையனாரே. "நான் நல்லபடியாகத்தான் கொண்டுவந்து விட்டேன், அப்பா" என்று அவர் பலமுறை கூறினார். தந்தையார் நம்பவில்லை. "வண்டி கெட்டதுகூடப் பெரிதன்று; பொய் சொல்கிறாயே!" என்று வருந்தினார். நான் தூணின் மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை. அன்று முதல் தந்தையார் தமையனாரிடம் வண்டிச் சாவியைக் கொடுத்ததே இல்லை. தமையனாரும் கேட்டதில்லை. படிப்பு முடிந்ததும் திருச்சியில் வேலை தேடிக்கொண்டு சென்றார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார், முறையாகப் பேசுவார், விரைவில் திரும்பிவிடுவார். ஒரு நாள் கூறிவிட வேண்டும் என்று நான் ஆண்டுதோறும் எண்ணிக்கொண்டேன். 2009-இல் தந்தையார் மறைந்தார். அவரிடம் கூற வேண்டியது கூறப்படாமலே போயிற்று.

அன்றிரவு தமையனாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். தொலைபேசி கையில் இருந்தது. ஆயினும் குரலில் கூறத் துணிவு இல்லை. நடந்ததை நடந்தவாறே எழுதினேன். சிறுவனாய் இருந்தேன், அஞ்சினேன் என்று முதலில் எழுதிய இரண்டு வரிகளைப் பின்னர் அடித்துவிட்டேன். பதினைந்து வயதில் அஞ்சியது உண்மை. அதன்பின் அறுபது வயது வரையில் மறைத்ததற்கு அந்த அச்சத்தைக் காரணமாகச் சொல்லுதல் முறையாகாது அன்றோ? கடிதத்திற்கு விடை வரவில்லை.

பட்டறை வேலை தொடர்ந்து நடந்தது. பெரியவர் முதலில் கதவின் வாயிலுக்குக் குறுக்கே ஒரு கம்பியைத் தற்காலிகமாகப் பற்றவைத்தார். கீழே தாங்கியை வெட்டும்போது மேற்கூடு தளர்ந்து நெளியாதிருத்தற்கு அது துணை. பழுதில்லாத இடப்பக்கத்துத் தாங்கியை அளந்து, அதே அளவில் வலப்பக்கத்திற்குப் புதியது செய்து பொருத்தினார். நூல் பிடித்து மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்தார், அவை ஒத்திருந்தன. பின்னர், வண்டியின் சக்கரங்கள் நான்கும் சமதரையில் ஊன்றுமாறு நிறுத்தினார். தூக்கி நிறுத்திய வண்டியின் உடல் ஒரு வகையாக நிற்கும். தன் பாரத்தைச் சக்கரங்களின்மேல் வைத்த வண்டி வேறு வகையாக நிற்கும். ஆதலின் இறுதி அளவைச் சக்கரங்களில் நிற்கும்போதே காண வேண்டும் என்றார்.

கதவின் ஓரத்து ரப்பர்ப் பட்டைகளை முன்னமே கழற்றியிருந்தார். அவை கதவை வெளியே தள்ளி நம் கண்ணை ஏமாற்றும். போல்ட்டுகளை முழுவதும் முடுக்காமல், உடற்கூட்டுக்கும் தாங்கிக்கும் இடையில் தகடு ஒன்றை வைப்பார், கதவை மூடிப் பார்ப்பார், தகட்டை மாற்றுவார், மீண்டும் மூடிப் பார்ப்பார். கீழே ஒரு தகடு மாறினால் மேலே சந்தின் வடிவே மாறிற்று. 5 மில்லிமீட்டர்க் கனத்திற்கு இழைத்த மரச்சீவல் ஒன்றே அவருடைய அளவுகோல். அது சந்தில் மேலிருந்து கீழ்வரை தடையின்றியும் தளர்ச்சியின்றியும் செல்ல வேண்டும்.

"இன்னும் நெருக்கினால் அழகாக இருக்குமே" என்றேன்.

"வண்ணம் பூசினால் இரு பக்கமும் சிறிது தடிக்கும். வண்டி ஓடும்போது உடல் சிறிது நெளியும். இடமே விடாமல் நெருக்கினால் ஒன்றையொன்று உரசித் தேயும், ஐயா. சந்து இருக்கத்தான் வேண்டும், சீராக இருக்க வேண்டும்" என்றார் அவர்.

கதவு அமைந்த பின்னரே பானெட்டைத் தொட்டார். ஹெரால்டு வண்டியில் பானெட்டும் இருபுறத்து மட்கார்டுகளும் ஒரே துண்டு. பின்விளிம்பைத் தூக்கினால் முழுவதும் முன்னோக்கிச் சாயும். முன்புறத்துக் கீலை முன்னும் பின்னும், மேலும் கீழும் நகர்த்தலாம். கதவை அடிப்படையாகக் கொண்டே பானெட்டை அமைக்க வேண்டும். வரிசையை மாற்றினால் செய்த வேலையையே மீண்டும் செய்ய நேரும். அடிச்சட்டம், உடல், கதவு, பானெட் என்னும் முறை தவறாமல் அவர் செய்தார்.

எல்லாம் சீரான பின் ஓரிடம் மட்டும் எஞ்சிற்று. நான் அராவிய மேல்மூலையில் சந்து அகன்று பல்லிளித்தது. சட்டம் நேரான பிறகு, அங்கே அராவ வேண்டிய தேவையே இருந்திராது. பெரியவர் ஒன்றும் கூறாமல், மெல்லிய கம்பியை அவ்விளிம்பிற் பற்றவைத்து, அரை நாள் அராவிச் சமன் செய்தார். கதவை மூடினார். மெல்லிய ஓர் ஓசை, அவ்வளவே. அவ்வோசையை என் தந்தையார் கேட்டிருக்க வேண்டும் என்று எண்ணினேன், கண்கள் கலங்கின.

வண்ணப் பூச்சு முடிந்து சில நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் தமையனார் முன்னறிவிப்பின்றி வந்து சேர்ந்தார். கடிதத்தைப் பற்றி அவர் எதுவும் கூறவில்லை. நேரே கொட்டகைக்குச் சென்றார். வண்டியைச் சுற்றி வந்தார். ஓட்டுநர் பக்கத்துக் கதவின் சந்தில் விரலை வைத்துக் கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்தினார். மேல்மூலையில் விரல் நின்றது.

"தம்பி, இந்த இடத்தில் ஏதோ ஒட்டுப் போட்டிருக்கிறதே!" என்றார்.

"அது நான் அராவிக் கெடுத்த இடம், அண்ணா."

அவர் தலையசைத்தார். நெடுநேரம் இருவரும் பேசவில்லை. "அப்பா இருந்தபோது எழுதியிருக்கலாம்" என்று பின்னர் கூறினார். அதற்கு என்னிடம் விடை இல்லை. சாவியை எடுத்து நீட்டினேன். அவர் அதனை உள்ளங்கையில் வைத்துச் சற்றுப் பார்த்திருந்தார். பிறகு ஏறி அமர்ந்து கதவை மூடினார். அறைய வேண்டியிருக்கவில்லை.

அன்று நாங்கள் இருவரும் ஏரிக்கரைச் சாலை வழியே சென்றோம். வண்டியை அவரே ஓட்டினார். கல் மோதிய இடம் எதுவென்று அவர் கேட்டார், காட்டினேன். இப்போது அங்குக் கல் இல்லை, சாலையை அகலப்படுத்தியிருந்தனர். எங்களுக்கிடையே இருந்த தொலைவு ஒரே நாளில் மறைந்துவிட்டது என்று நான் கூறமாட்டேன். ஆயினும், அண்ணன் இப்போது பண்டிகைக்கு வந்தால் ஒரு நாள் கூடுதலாகத் தங்குகிறார்.

கண்ணுக்குத் தெரியும் குறையின் வேர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றது. அதன்மேல் பட்டி பூசலாம், வண்ணமும் தீட்டலாம். கதவு மட்டும் ஒவ்வொரு நாளும் அதனைச் சொல்லிக்கொண்டே இருக்கும். குனிந்து அடியிற் புகுந்து பார்க்கும் துணிவு உரிய காலத்தில் வேண்டும். எனக்கு அது மிகவும் காலந்தாழ்த்தி வந்தது. இதனைப் படிக்கும் இளைஞர்களுக்கு அது இன்றே வருவதாக!