சூசியாட் அருவி: உயிர்மீட்புப் பாதையில் மூன்று நாள்

முதல் நாள். பச்சீனா விரிகுடா முதல் மிச்சிகன் ஓடை வரை, 12 கி.மீ.

கனடாவின் வான்கூவர் தீவில், பசிபிக் பெருங்கடலை ஒட்டி 75 கி.மீ. நீளும் மேற்குக் கரைப் பாதை வடக்கே பச்சீனா விரிகுடாவில் தொடங்குகிறது. சூசியாட் அருவி அதன் 25ஆம் கிலோமீட்டரில் விழுகிறது; அதுவரை வண்டி போகும் சாலை இல்லாததால், நடப்பவர் கூடாரத்தையும் பல நாள் உணவையும் முதுகில் சுமந்தே போகவேண்டியிருக்கிறது. கோடையை ஒட்டிய மாதங்களில் மட்டுமே பாதை திறந்திருக்கும். அனுமதிச் சீட்டின்றி எவரும் நுழைய முடியாது. இந்த நிலம் பசிபிக் ரிம் தேசியப் பூங்கா ஒதுக்ககத்தைச் சேர்ந்தது. தொல்குடிகளின் நிலவுரிமைக் கோரிக்கைகள் முற்றாகத் தீருமுன்பே பூங்காவாகப் பேணப்படும் நிலத்தை 'ஒதுக்ககம்' என்று கனடியச் சட்டம் குறிப்பதால், அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே ஹூ-ஏ-ஆட், டிடிடாட், பச்சீடாட் ஆகிய மூன்று குடிகளின் உரிமை நினைவூட்டப்படுகிறது. அவர்கள் படகாலும் காலாலும் பழகிய கரை இது. பின்னால் வந்த பாதைகள் யாவும் அவர்களுடைய தடங்களின்மேல் அமைந்தவையே.

பச்சீனா கலங்கரை விளக்கம் வரையிலான 10 கி.மீ. பெரும்பாலும் காட்டுக்குள் செல்கிறது. ஆண்டுக்கு மூன்று மீட்டர் அளவுக்கு மழை பெய்யும் இக்கரையில் செந்தேவதாரு, ஹெம்லாக், சிட்கா ஸ்ப்ரூஸ் ஆகிய ஊசியிலை மரங்கள் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கின்றன. விழுந்த மரமும் இங்கே வீணாவதில்லை: பாசி படர்ந்து மெல்ல மக்கும் அடிமரத்தின்மேல் விதைகள் விழுந்து முளைத்து, வேர்கள் அதைக் கவ்விக்கொண்டு மண்ணைத் தொட, காலப்போக்கில் அடிமரம் கரைந்துபோய், மேலே வளர்ந்தவை மட்டும் ஒரே வரிசையில் நிற்கக் காணலாம். இவ்வாறு பிறவற்றைத் தாங்கி வளர்க்கும் பட்ட மரத்தைச் 'செவிலி மரம்' என்று தாவரவியலார் அழைப்பது மிகப் பொருத்தமான பெயரீடு. பாதையோரத்தில் சலால் என்னும் தடித்த இலைப் புதர் ஆளுயரத்துக்கும் மேலாகச் செறிந்திருக்கிறது. அதன் கருநீலக் கனிகள் தொல்குடிகளின் பழைய உணவு.

மாலையில் மிச்சிகன் ஓடையின் முகத்தில் கூடாரம். கடல் வற்றும்போது பாறைத் தட்டின்மேல் துருப்பிடித்த கொதிகலன் ஒன்று தெரிகிறது. ஓடைக்குப் பெயர் தந்த மிச்சிகன் என்னும் நீராவிக் கப்பலில் மிஞ்சியது அதுதான்.

இரண்டாம் நாள். மிச்சிகன் ஓடை முதல் சூசியாட் வரை, 13 கி.மீ.

இன்றைய வழியைக் கடலே தீர்மானிக்கிறது. கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதை ஓதம் என்பர். தாழ் ஓதத்தில் பாறைத் தட்டின்மேல் நிலம்போல நடக்க முடிகிற இடத்தில், உயர் ஓதத்தின்போது அலை செங்குத்துப் பாறையை மோதுகிறது. ஓத அட்டவணையைப் படிக்கத் தெரியாதவர் காட்டுப் பாதையின் சேற்றிலும் வேரிலும் ஏணியிலும் முழுத் தொலைவையும் கடப்பதே பாதுகாப்பு.

பதினெட்டாம் கிலோமீட்டருக்கு அருகிலுள்ள செங்குத்துப் பாறைகள் வலென்சியா என்னும் கப்பலின் பெயரைத் தாங்குகின்றன. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே வந்த அந்தப் பயணிகள் கப்பல், மோசமான வானிலையில் ஹுவான் டி ஃபூக்கா நீரிணையின் வாயிலைத் தவறவிட்டு, 1906 ஜனவரி 22 நள்ளிரவை ஒட்டிக் கரையோரப் பாறையில் மோதியது. உதவிக்கு வந்த கப்பல்கள் அலைச் சீற்றத்தால் நெருங்க முடியாமல் நின்றன. கரை கண்ணுக்கு எட்டும் தொலைவில் இருந்தும் 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தப்பிய 37 பேரில் பெண்ணோ குழந்தையோ ஒருவரும் இல்லை. பாறைக்கு மேலே ஏறிவிட்ட ஒன்பது பேர், 1889-90இல் விக்டோரியா நகரிலிருந்து இழுக்கப்பட்டிருந்த தந்திக் கம்பியைக் காட்டுக்குள் கண்டு, அதைப் பற்றியே நடந்து, டார்லிங் ஓடையருகே கம்பிக் காவலரின் குடிசையை அடைந்து அங்கிருந்து செய்தி அனுப்பினர். இன்று காலை மிச்சிகனைவிட்டுப் புறப்பட்டு இரண்டு கிலோமீட்டரில் எளிதாகத் தாண்டிய ஓடை அதுவே.

அந்த மரணங்களுக்குப் பிறகுதான் கனடிய அரசு பச்சீனா முனையில் கலங்கரை விளக்கம் கட்டியது. தந்திக் கம்பியின் தடத்தை அகலப்படுத்தி, இடைவெளிவிட்டுக் குடிசைகள் அமைத்து, அவற்றில் போர்வையும் உணவும் வைத்து, இன்று மேற்குக் கரைப் பாதை எனப்படும் உயிர்மீட்புப் பாதையாக மாற்றியது. கடலிலிருந்து காட்டுக்குள் தள்ளப்பட்ட மனிதன் பிழைக்கவேண்டும் என்பதே அதன் ஒரே நோக்கம். அருவியைக் காணப் போகிறவர் காலடியில் பலகை கிடப்பதும், பள்ளத்தில் ஏணி சாய்ந்திருப்பதும் அந்த நோக்கத்தின் தொடர்ச்சி; இந்த வரலாற்றை அறியாமல் அருவியை அடைபவர் பாதி வழியையே நடந்தவராவார். வலென்சியாவின் உயிர்காப்புப் படகுகளில் ஒன்று 27 ஆண்டுகள் கழித்து, 1933இல், அருகிலுள்ள பார்க்லி கடற்கழியில் மிதந்து கிடைத்தது.

கிளனாவா ஆற்றைக் கடக்கக் கம்பிவடத்தில் தொங்கும் தொட்டிலில் அமர்ந்து, கயிற்றைக் கையால் இழுத்து அக்கரை சேரவேண்டும். மேலும் இரண்டு கிலோமீட்டரில், நீண்ட மர ஏணிகள் காட்டிலிருந்து கடற்கரைக்கு இறக்கிவிடுகின்றன. அருவியின் ஓசை ஏணியின் நடுவிலேயே அலையோசையைவிட்டுப் பிரிந்து கேட்கத் தொடங்குகிறது.

மூன்றாம் நாள். சூசியாட்.

அருவியின் உயரம் சுமார் 18 மீட்டர்தான். ஆயினும் அதன் சிறப்பு உயரத்தில் இல்லை. அது விழும் இடத்தில் இருக்கிறது. கடல் கரைப்பாறையை அரித்துப் பின்தள்ளும் வேகத்துக்கு ஈடாகத் தன் படுகையை ஆழமாக அறுக்க முடியாத ஆறு, முகத்துவாரம் அமைக்காமல், பாறை விளிம்பிலிருந்து நேரே கடற்கரை மணலில் வந்து விழுகிறது. மழைக்குப் பின் அகன்ற வெண்திரையாகவும், வறண்ட கோடையில் தனித்தனி இழைகளாகவும் அது தோன்றும். அடியில் தேங்கும் குளத்தில், இரண்டு நாள் சேற்றைக் கழுவ நடையர் இறங்குகின்றனர்; நீரின் குளிர்ச்சியில் எவரும் நெடுநேரம் நிற்பதில்லை.

கோடையில் இங்கே கூடாரங்கள் பல நிற்கின்றன. கருங்கரடி மோப்பம் பிடிக்காதபடி உணவு மட்டுமின்றிப் பற்பசையும் சோப்பும்கூட இரும்புப் பெட்டிகளில் பூட்டப்படுகின்றன. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பெருமரங்களின் இடையே சிலர் விறகு பொறுக்க, சிலர் தெற்கே இரண்டு கிலோமீட்டரிலுள்ள சூசியாட் முனையின் பாறைத் துளை வழியே நடந்துவர ஓதம் இறங்கக் காத்திருக்கின்றனர்.

குளத்திலிருந்து வழியும் நீர் கடலைச் சேர மணலில் வெட்டும் வாய்க்காலை உயர் ஓதம் தூர்த்துவிடுகிறது. கடல் பின்வாங்கியதும் ஆறு வேறிடத்தில் அதை வெட்டிக்கொள்கிறது. நேற்று மாலை குடிநீர் மொள்ளச் சென்ற அடிச்சுவடுகளும் மணலில் இல்லை. காலை ஓதம் இறங்கத் தொடங்கியதும் வடக்கே திரும்புவோர் பைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஏணியின் அடியில் வரிசையாக நிற்கின்றனர்.